ஆல்மா டீச்சரோட சர்வீஸ்

2023 கடைசில அம்மா இங்க வர்ஜீனியாவுக்கு வந்திருந்தாங்க. வீட்லயே அடைஞ்சு கெடந்தா மூட் அவுட் ஆயிருவாங்கன்னு ஒரு சனிக்கெழம வாஷிங்டன் டிசிக்குக் கூட்டிட்டுப் போனேன். வெளில நல்ல குளிர், நடக்கவும் முடியாது, அதனால ஸ்மித்சோனியன் அமெரிக்கன் ஆர்ட் மியூசியம்க்குள்ள போய்ட்டோம், டிக்கெட் கெடையாது, உள்ள கதகதன்னு இருக்கும், பாத்ரூம் சுத்தமா இருக்கும், அம்மாவக் கூட்டிட்டுப் போற எடத்துக்கு இந்த மூணும் இருந்தாப் போதும்.

அங்க அப்ப ஆல்மா தாமஸ்னு ஒருத்தங்களோட ஓவியங்கள தனியா ஒரு கண்காட்சியா வெச்சிருந்தாங்க. எனக்கும் அதுக்கு முன்னாடி பேரு மட்டும்தான் தெரியும். ஒபாமா வெள்ளை மாளிகைல மாட்டினாரே அந்தப் படத்த வரைஞ்ச கறுப்பினப் பெண்மணி, அவ்வளவுதான். அம்மா கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டாங்க, அதனால நான்தான் சுவத்துல இருக்கறத படிச்சு படிச்சு சொல்லணும். நானும் என்னமோ பெருசா தெரிஞ்ச மாதிரி, "ஸ்கூல் டீச்சரா இருந்தவங்களாம்மா, 68 வயசுல ரிடயர் ஆகி அதுக்கப்பறம்தான் ஓவியர் ஆனாங்களாம்"னு சொன்னேன்.

அம்மா முப்பது வருஷத்துக்கு மேல மிடில் ஸ்கூல் டீச்சரா இருந்தவங்க. மொதல்ல கேட்ட கேள்வி, "எத்தன வருஷம் சர்வீஸ்?"

"35."

"ஃபுல் சர்வீஸ்." அப்பறம் கொஞ்ச நேரம் படத்தப் பாத்துட்டு, "அதுக்கப்பறம்தான் ஓவியர் ஆனாளாமா? அப்ப 35 வருஷமா அங்க என்னத்த சொல்லிக் குடுத்துட்டு இருந்தாளாம், கணக்கா?"

"ட்ராயிங்தாம்மா."

"அப்ப என்னடி பேசுற நீ."

அவ்வளவுதான், அம்மா அடுத்த படத்துக்குப் போய்ட்டாங்க. எனக்கு அது முள்ளு மாதிரி உள்ள தங்கிடுச்சு. வீட்டுக்கு வந்து ஆல்மாவப் பத்தித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பிச்சது அதனாலதான். படிக்கப் படிக்க, அம்மா கேட்டது எவ்வளவு சரின்னு புரிஞ்சுது. ஆல்மா தாமஸப் பத்தி யார் எழுதினாலும் அதே கதைதான், பாட்டி வயசுல ப்ரஷ்ஷ எடுத்தாங்க, உலகத்தையே அசத்தினாங்கன்னு. வாட்ஸப்புல வர்ற தன்னம்பிக்கைக் கதை மாதிரி. உண்மை அப்படி இல்ல.

ஆல்மா 1891 செப்டம்பர் 22 ஜார்ஜியா மாநிலத்துல கொலம்பஸ்னு ஒரு ஊர்ல பொறந்தாங்க. நாலு பொண்ணுங்கள்ல மூத்தவங்க. அப்பா வியாபாரம், அம்மா துணி டிசைன் பண்ணித் தைக்கிறவங்க. வசதிக்குப் பெருசாக் கொறையில்ல, குன்று மேல வீடு, சுத்தி வட்ட வட்டமாப் பூப்பாத்தி. வீட்டுப் பக்கத்து ஓடைல இருந்து செம்மண்ண எடுத்து சின்ன சின்னக் கப்பு, தட்டு எல்லாம் பண்ணி வெயில்ல காய வெச்சு விளையாடுவாங்களாம், நாம சொப்பு வெச்சு விளையாடுனமே அந்த மாதிரி. அந்த வட்டப் பூப்பாத்திய மட்டும் மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி வரும்.

ஆனா காசு இருந்து என்ன பிரயோஜனம், அந்த ஊர்ல கறுப்பினப் புள்ளைங்களுக்கு ஹைஸ்கூலே கெடையாது. ஊர்ல ஒரு லைப்ரரி இருந்துச்சு, அதுக்குள்ள ஒரு கறுப்பர் போகணும்னா மாப்பும் வாளியும் தூக்கிட்டு தரை தொடைக்கத்தான் போகணும்னு ஆல்மாவே பிற்காலத்துல சொல்லியிருக்காங்க. 1906ல அட்லாண்டால கறுப்பினத்தவங்க மேல பெரிய கலவரம் நடந்துச்சு. அடுத்த வருஷமே, 1907ல, குடும்பமே மூட்ட முடிச்சக் கட்டிக்கிட்டு வாஷிங்டனுக்கு வந்துட்டாங்க. ரயில் பொட்டாமக் ஆத்துகிட்ட வந்ததும், ஷூவக் கழட்டி அதுல இருக்கற ஜார்ஜியா மண்ணத் தட்டி விடுங்கன்னு புள்ளைங்ககிட்ட சொன்னதா ஒரு கதை இருக்கு. அந்த மண்ணுல சொப்பு பண்ணி விளையாடுன பொண்ணுக்கு அப்ப 15, 16 வயசு. ஷூவத் தட்டும்போது என்ன நெனச்சிருக்கும்னு நான் ரொம்ப நேரம் யோசிச்சேன்.

டிசில 15வது தெருவுல 1530ம் நம்பர் வீடு. அதுக்கப்பறம் கடைசி வரைக்கும் அதே வீடுதான், நடுவுல வேலைக்காக சில வருஷம் வெளியூர் போனதத் தவிர.

ஹைஸ்கூல்ல ஆர்கிடெக்ட் ஆகணும்னு ஆசை. பேப்பர்ல ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் மாடல் பண்ணாங்க, 1912ல அத ஸ்மித்சோனியன்ல காட்சிக்கு வெச்சாங்க. எந்த ஸ்மித்சோனியன்? நானும் அம்மாவும் போனோமே அந்த ஸ்மித்சோனியன் நிறுவனம்தான். அவங்களோட படங்கள் அதிகமா இருக்கற பொதுக் கலெக்‌ஷனும் இன்னிக்கு அவங்ககிட்டதான் இருக்கு. ஆனா 1912ல ஒரு கறுப்பினப் பொண்ணு ஆர்கிடெக்ட் ஆறதுன்னா நடக்கற காரியமா? டீச்சர் ட்ரெய்னிங்தான் போகணும். நர்சரிப் புள்ளைங்களுக்கு பாடம் எடுக்கற ட்ரெய்னிங் முடிச்சு, மேரிலாண்ட்ல கொஞ்ச நாள், அப்பறம் டெலவேர்ல வில்மிங்டன்ல ஏழைக் குடும்பங்களுக்கான ஒரு சேவை மையத்துல 1921 வரைக்கும்.

அப்பறம்தான் 30 வயசுல ஹோவர்ட் யுனிவர்சிட்டில சேர்றாங்க, டிசிலயே இருக்கற, கறுப்பினப் புள்ளைங்க அதிகமாப் படிக்கற யுனிவர்சிட்டி அது. அதுவும் ஆர்ட்டுக்கு இல்ல, ஹோம் சயின்ஸ், நாடகத்துக்கு காஸ்ட்யூம் டிசைன் பண்றதுல இன்ட்ரஸ்ட். அப்பதான் அங்க ஜேம்ஸ் ஹெரிங்னு ஒரு புரொபசர் புதுசா ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சிருந்தாரு. இவங்க கைய பாத்துட்டு, நீ இங்க வான்னு இழுத்துட்டாரு. 1924ல அந்த டிபார்ட்மென்ட்டோட மொத கிராஜுவேட் ஆல்மாதான். மொத பேட்ச்னு சொல்லலாம், ஆனா பேட்சே இவங்க ஒரு ஆள்தான்.

அதே வருஷம் ஷா ஜூனியர் ஹைஸ்கூல்ல ஆர்ட் டீச்சர் வேலை. 1924ல உள்ள போனவங்க 1960லதான் வெளில வந்தாங்க. அப்ப டிசில வெள்ளைக்காரப் புள்ளைங்களுக்குத் தனி ஸ்கூல், கறுப்பினப் புள்ளைங்களுக்குத் தனி ஸ்கூல், 1954ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வர்ற வரைக்கும் அதான் நெலம. ஷா கறுப்பினப் புள்ளைங்களோட ஸ்கூல்.

இந்த 35 வருஷத்தத்தான் எல்லாரும் ஒரே வரில தாண்டிப் போயிடுறாங்க. நான் கொஞ்சம் நின்னு சொல்றேன்.

லீவு விட்டா போதும் நியூயார்க் ஓடிருவாங்க. கொலம்பியா யுனிவர்சிட்டியோட டீச்சர்ஸ் காலேஜ்ல சம்மர் சம்மரா படிச்சு 1934ல மாஸ்டர்ஸ் வாங்குனாங்க. ஆராய்ச்சி எதப் பத்தின்னு பாத்தா, பொம்மலாட்டம்! நூல்ல கட்டி ஆட்டுற பொம்மை. அடுத்த வருஷ சம்மர்ல அந்தக் காலத்துல அமெரிக்காலயே பொம்மலாட்டத்துக்குப் பேர்போன டோனி சார்க்ங்கறவர்கிட்ட போய்க் கத்துக்கிட்டாங்க. எதுக்கு இதெல்லாம்? யோசிச்சுப் பாருங்க, ஒரு பொம்ம பண்ணணும்னா மரம் செதுக்கணும், மூஞ்சிக்குப் பெயின்ட் அடிக்கணும், துணி வெட்டித் தைக்கணும், கதை எழுதணும், கொரல் குடுக்கணும், எந்த நூல இழுத்தா எந்தக் கை தூக்கும்னு தெரியணும். ட்ராயிங் வராத பையனுக்கும் அதுல ஒரு வேலை இருக்கும். நாப்பது புள்ளைங்க இருக்கற வகுப்புல ஒருத்தனும் சும்மா உக்காராம பாத்துக்கறதுக்கு இதவிட நல்ல ஐடியா கெடையாதுன்னு அம்மாகிட்ட சொன்னப்போ, "கத்தரிக்கோல் எத்தன இருந்துச்சாம்?"னு கேட்டாங்க. டீச்சர் புத்தி. அதே ஊர்ல நேஷனல் தியேட்டர்ல கறுப்பின மக்கள நாடகம் பாக்க உள்ள விடமாட்டாங்க, கடைசில கலைஞர்கள் எதிர்ப்புக் காட்டினப்போ, அவங்கள உள்ள விடறதுக்கு பதிலா 1948ல நாடகத்தையே நிறுத்திட்டு சினிமா கொட்டகையா மாத்துனாங்க, அப்படிப்பட்ட ஊரு அது. அந்த ஊர்லதான் இந்த டீச்சர் வகுப்புக்குள்ளயே ஒரு மேடை போட்டாங்க.

மியூசியத்துக்குள்ளயே காலடி வெக்காத புள்ளைங்களுக்கு என்ன பண்றதுன்னு 1938ல ஸ்கூலுக்குள்ளயே ஒரு கேலரி ஆரம்பிச்சாங்க. டிசி அரசுப் பள்ளிகள்ல அதான் மொதல். கறுப்பின ஓவியர்களோட படங்கள ஹோவர்ட்ல இருந்து எடுத்துட்டு வந்து மாட்டுனாங்க. 1943ல அவங்க புரொபசர் ஹெரிங்கும் அலோன்சோ ஏடனும் சேந்து பார்னெட்-ஏடன்னு ஒரு கேலரிய ஒரு வீட்டுக்குள்ள ஆரம்பிச்சப்போ ஆல்மா அதுக்கு வைஸ் பிரசிடென்ட். கறுப்பினத்தவங்க சொந்தமா நடத்துன ஆரம்பகால கேலரிகள்ல அது முக்கியமானது, அங்க வெள்ளைக்காரங்க படமும் மாட்டுனாங்க, ஊரே பிரிஞ்சு கெடந்த காலத்துல. லோயிஸ் மைலூ ஜோன்ஸ்னு ஒரு கறுப்பின ஓவியர் வீட்ல "லிட்டில் பாரிஸ்"னு ஒரு குரூப் கூடி வரைவாங்க, பாதிப் பேரு ஸ்கூல் டீச்சருங்க, ஆல்மா அதுலயும் இருந்தாங்க.

அப்பறம் 1950ல, ஏறத்தாழ 60 வயசுல, அமெரிக்கன் யுனிவர்சிட்டில போய் பெயின்டிங் க்ளாஸ்ல ஸ்டூடன்டா உக்காந்தாங்க. பகல்ல ஸ்கூல், சாயங்காலமும் வீக்கெண்டும் க்ளாஸ், பத்து வருஷம். தனக்கு ஒரு பையன் இருந்திருந்தா அவன் வயசுல இருக்கறவங்ககிட்ட பாடம் கேக்கணும், கேட்டாங்க. அதுவரைக்கும் பூஜாடி, பழம், வீடுன்னு பாத்து பாத்து வரைஞ்சவங்க கை அங்கதான் மெல்ல மெல்ல உருவத்த விட்டு நிறத்துக்கு நகர்ந்துச்சு. 1960ல ரிடயர்மென்ட். அதே வருஷம் தனி ஷோ.

இப்ப சொல்லுங்க, இது எங்க லேட்டு?

சரி, ரிடயர் ஆனதுக்கப்பறம் ஒண்ணுமே மாறலன்னு நான் சொல்ல வரல. மாறுச்சு, அதுவும் எப்படின்னா, 1964ல ஆர்த்ரைட்டிஸ் கடுமையா வந்து படுத்துட்டாங்க. இனிமே பெயின்ட் பண்ணவே முடியாதுன்னு விடற நெலம. அப்ப ஹோவர்ட்ல ஆர்ட் புரொபசரா இருந்த ஜேம்ஸ் போர்ட்டர் 1966ல உங்க படங்கள மொத்தமா வெச்சு ஒரு ஷோ போடலாம்னு கேட்டாரு. பழைய படங்களயே தூக்கிட்டுப் போயிருக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. இவங்களுக்கு அது பிடிக்கல. இதுவரைக்கும் பண்ணாத ஒண்ணு பண்ணணும்னு முடிவு பண்ணிட்டு, ஹால்ல நாற்காலியப் போட்டு உக்காந்து ஜன்னல பாத்தாங்க.

வெளில ஒரு ஹோலி மரம். கிறிஸ்மஸ் கார்டுல செவப்புப் பழத்தோட முள்ளு முள்ளா இலை போட்டிருப்பாங்களே, அந்த மரம். அதோட இலைங்களுக்கு நடுவுல வெளிச்சம் புகுந்து ஜன்னல்லயும் சுவத்துலயும் துண்டு துண்டா விழுது. இலைய வரையல அவங்க, இலைக்கும் இலைக்கும் நடுவுல விழுந்த வெளிச்சத்தோட வடிவத்தப் புடிச்சுக்கிட்டாங்க. அப்படி வந்ததுதான் அந்த சின்ன சின்ன வண்ணக் கட்டம். 74 வயசு.

கிட்ட நின்னு பாத்தா அது எப்படி இருக்குன்னு சொல்றேன், போட்டோல இது தெரியாது. தூரத்துல மொசைக் தரை மாதிரி, கச்சிதமா வெட்டி ஒட்டுன மாதிரி இருக்கும். கிட்டப் போனா ஒவ்வொரு கட்டமும் ஒரே ஒரு தடவ ப்ரஷ்ஷ வெச்சு எடுத்த மாதிரி, ஓரம் பிசிறு பிசிறா, ஒண்ணு தடிப்பு ஒண்ணு மெலிசு. நடுவுல இடைவெளி. சில எடத்துல பென்சில் கோடு அப்படியே தெரியுது, வட்டம் போட, வரிசை போட வரைஞ்ச கோடு, அத அழிக்கவே இல்ல. எனக்கு அந்தப் பென்சில் கோடுதான் ரொம்பப் பிடிச்சுது. கரும்பலகைல நேரா எழுதணும்னு டீச்சர் லேசா ஒரு கோடு போட்டுக்குவாங்களே, அந்த மாதிரி. நிறம் ஆடுது, ஆனா கோடு மேல நின்னுதான் ஆடுது. அம்மாகிட்ட காமிச்சேன். "புள்ளி வெச்சுத்தான் போட்ருக்கா"ன்னாங்க. கோலத்துக்கும் ஆல்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, ஆனா கோலம் போடற கை இன்னொரு கைய எப்படிப் பாக்கும்னு எனக்கு அப்ப தெரிஞ்சுது.

வட்ட வட்டமா வண்ண வளையம் ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருக்கற படங்கள் இருக்கு. வானத்துல இருந்து பூத்தோட்டத்தப் பாத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் போட்டதா சொல்வாங்க. கொலம்பஸ் வீட்டு வட்டப் பாத்தி ஞாபகம் இருக்கா? எனக்கு அந்தப் பாத்திதான் தெரியுது அதுல. ஜார்ஜியா மண்ணு ஷூவ விட்டுப் போயிருக்கலாம்.

இதெல்லாம் வரைஞ்ச எடம் பெரிய ஸ்டூடியோ ஒண்ணும் இல்ல. வீட்டு ஹால், சமையக்கட்டு. மூட்டு வலி, அதனால கேன்வாஸ ஒரு பக்கம் மடில, ஒரு பக்கம் சோபால சாய்ச்சு வெச்சு, கை எட்டற வரைக்கும் போட்டு, அப்பறம் கேன்வாஸத் திருப்பி அடுத்த பக்கம் போடறது. அவ்வளவு பெரிய படங்க!

அப்பறம் நெலா. 1969ல அப்பல்லோ 10 போச்சு, நெலால எறங்காம மேல சுத்திட்டு மட்டும் வந்துச்சே அது. அதுல இருந்து விண்வெளில இருந்தே கலர் டிவி நேரலை வந்துச்சு. அதுல நெலாவுக்குக் கிட்டப் போன வண்டிக்கு ஸ்னூப்பின்னு பேரு, கார்ட்டூன் நாய்க்குட்டி பேருதான். ஆல்மா டிவியப் பாத்து சொக்கிப் போயிட்டாங்க. ஸ்னூப்பிய வெச்சே ஒரு வரிசை படம் போட்டாங்க, அப்பல்லோ 12 கடல்ல வந்து விழறது, ராக்கெட் கெளம்பறது, 1972ல நட்சத்திர ராத்திரியும் விண்வெளி வீரர்களும்னு ஒண்ணு, முழுக்க நீலம், மேல ஓரத்துல மட்டும் குட்டியா ஒரு செவப்பும் மஞ்சளும், அதான் ராக்கெட். குதிரை வண்டிக் காலத்துல பொறந்து விண்வெளிக் காலத்தப் பாத்துட்டேன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அந்த 1972லதான் நியூயார்க்ல விட்னி மியூசியம் அவங்களுக்குத் தனிக் கண்காட்சி வெச்சுது. அங்க தனி ஷோ கெடைச்ச மொத கறுப்பினப் பெண் இவங்க, வயசு 80. விட்னி மனசு எரங்கித் தானாக் குடுத்ததுன்னு நெனச்சுக்காதீங்க. 1969ல இருந்தே கறுப்பின ஓவியர்கள் அமைப்பாச் சேந்து ஏன் எங்க படத்த வைக்க மாட்டேங்கறீங்கன்னு சண்ட போட்டாங்க, அந்த அழுத்தம் இல்லன்னா கதவு தெறந்திருக்காது. அப்ப நியூயார்க் டைம்ஸ்கிட்ட ஆல்மா சொன்னது, சின்ன வயசுல கொலம்பஸ்ல எங்களால மியூசியத்துக்குள்ள போகவே முடியாது, அங்க எங்க படத்த மாட்டறதப் பத்தி நெனைக்கவா முடியும், காலம் மாறிடுச்சு, இப்ப என்னப் பாருங்கன்னு. ஓபனிங்குக்கு அவங்க படம் மாதிரியே கலர் கலரா கட்டம் போட்ட ஒரு கவுன் போட்டுட்டு வந்தாங்க. தையக்காரம்மா பொண்ணாச்சே. அதே வருஷம் டிசில கார்கரன் கேலரிலயும் பெரிய ஷோ, மேயர் செப்டம்பர் 9ஆம் தேதிய ஆல்மா தாமஸ் நாள்னு அறிவிச்சாரு.

இங்க ஒரு விஷயம் எனக்கு இன்னும் முழுசா செரிக்கல. நீங்க ஒரு கறுப்பின ஓவியரான்னு கேட்டா இல்ல, நான் ஓவியர், நான் அமெரிக்கன்னு சொல்லுவாங்க. மனுஷன் மனுஷனுக்குப் பண்ற கொடுமைய விட்டுட்டு அழகையும் சந்தோஷத்தையும் நிறத்துல தேடறேன்னு சொன்னாங்க. வெளிய தெருவுல அவ்வளவு போராட்டம் நடக்கும்போது இவங்க பூவையும் ராக்கெட்டையும் வரைஞ்சது அந்தக் காலத்து இளைஞர்கள் சில பேருக்குக் கடுப்பாத்தான் இருந்திருக்கும், எனக்கும் மொதல்ல கொஞ்சம் அப்படித்தான் தோணுச்சு. ஆனா 1963ல மார்ட்டின் லூதர் கிங் பேசுன அந்த வாஷிங்டன் ஊர்வலத்துக்கு 71 வயசுல நேர்ல போனவங்க, போயிட்டு வந்து அத வரைஞ்சும் இருக்காங்க. மாப்பு வாளி இல்லாம லைப்ரரிக்குள்ள போக முடியாத ஊர்ல இருந்து வந்த ஒருத்தி எனக்கு அழகு வேணும்னு கேக்கறத ஓடி ஒளியறதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

செத்ததுக்கப்பறம் நடந்தது எல்லாம் நியூஸ்ல வந்ததுதான். 2009ல ஒபாமா வந்ததும் அவங்க படம் ரெண்டு வெள்ளை மாளிகைக்கு இரவலா போச்சு. அதுல 1963ல வரைஞ்ச வாட்டூசின்னு ஒண்ணு ஃப்ரெஞ்சு ஓவியர் மத்தீஸோட நத்தை படத்தோட காப்பின்னு நெட்ல சில பேரு கத்துனாங்க. மத்தீஸப் பாத்துத்தான் போட்டாங்க, அதுல மறைக்க என்ன இருக்கு, படத்தத் திருப்பி, நிறத்த மாத்தி, பெரியவர் எப்படிப் போட்டாருன்னு கைல போட்டுப் பாத்துக் கத்துக்கறது, 35 வருஷம் டீச்சரா இருந்தவங்களுக்கு அது ஹோம்வொர்க். 2015ல ரிசரெக்‌ஷன்னு 1966 படம் வெள்ளை மாளிகையோட சொந்தக் கலெக்‌ஷனுக்கே வந்துச்சு, கறுப்பினப் பெண் ஓவியர் வரைஞ்சது அங்க அதான் மொதல். 2019ல இன்னொரு படம் ஏலத்துல 26 லட்சம் டாலருக்கு மேல போச்சு. ஸ்கூல் வாத்தியார் சம்பளத்துல வாங்குன பெயின்ட்டு.

ஆல்மா கல்யாணம் பண்ணிக்கல. கடைசி வரைக்கும் கூட இருந்தது தங்கச்சி, பேரு ஜான். ஆமா, பொண்ணுக்குத்தான் ஜான்னு பேரு, ஜான் மாரிஸ் தாமஸ், அப்பா பேரு ஜான், அதையே வெச்சுட்டாங்க. ஹோவர்ட் லைப்ரரில வேலை பாத்தவங்க. 1978 பிப்ரவரி 24 ஆல்மா இறந்தப்பறம் அக்காவோட காகிதம், படம் எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருந்து மியூசியங்களுக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் குடுத்தது இவங்கதான். அதுல ஒரு பெரிய பங்கு போனது எந்த ஊருக்குத் தெரியுமா, கொலம்பஸ், ஜார்ஜியா. ஷூல தட்டி விட்ட மண்ணு. அந்த பொம்மலாட்ட பொம்மைங்க சிலது இப்ப அங்க மியூசியத்துல இருக்கு.

அன்னிக்கு அந்தக் கண்காட்சில கடைசியா நாங்க நின்னது ஒரு பெரிய செவப்புப் படத்துகிட்ட. மூணு கேன்வாஸ பக்கத்துல பக்கத்துல வெச்சு மொத்தம் 13 அடி. செவப்பு அசேலியாப் பூவுங்க ராக் அண்ட் ரோலுக்குப் பாடி ஆடுதுன்னு பேரு வெச்சிருக்காங்க, 1976, அப்ப அவங்களுக்கு 84, 85. வெள்ளைல செவப்புத் துண்டுங்க, சில எடத்துல நெருக்கியடிச்சு, சில எடத்துல கலைஞ்சு ஓடுது, பஸ் ஸ்டாண்டுல ஸ்கூல் புள்ளைங்க நிக்கற மாதிரி. அம்மா பெஞ்சுல உக்காந்துட்டாங்க, முட்டி வலி. நான் அடுத்த ரூமுக்குப் போயிட்டு வந்து பாத்தா இன்னும் அதயேதான் பாத்துட்டு இருக்காங்க.

வெளில வந்தப்பறம் 15வது தெரு வீட்டப் பாக்கணும்னு நான்தான் டாக்ஸி புடிச்சேன். இப்ப அந்த ஏரியால வீட்டு வெலய கேட்டா மயக்கம் வரும். செங்கல் வீடு, வரிசைல ஒண்ணு, ரோட்ல இருந்து பாத்துட்டுக் கெளம்பறதுதான், வேற யாரோ வீடு. அஞ்சு நிமிஷம் நின்னோம், அம்மா மப்ளர காதுக்கு மேல இழுத்து விட்டுக்கிட்டாங்க.

"ஸ்கூல் எங்க இருந்துச்சு?"

"இப்படி கெழக்கால, நடக்கற தூரம்தான்."

"மத்தியானம் வீட்டுக்கு சாப்ட வந்திருப்பாளா?"

தெரியலம்மான்னேன். அம்மா தெரு முனை வரைக்கும் பாத்துட்டு, மனசுக்குள்ள ஏதோ கணக்குப் போட்டுட்டு, "வந்திருப்பா, வந்து ரெண்டு கட்டம் போட்டுட்டுப் போயிருப்பா"ன்னு சொல்லிட்டு டாக்ஸில ஏறி உக்காந்துட்டாங்க.